ரவூப்பின் வலது கால்

ரவூப்புக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். உட்லண்ட்ஸ் டிப்போவில் இருபத்திரண்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர் அவர். கூட வேலை பார்த்தவர்கள் பேச்சைத் தொடங்கும் முன் அவர் காதை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். கதவைத் தட்டிக்கொண்டே ஓடிவரும் பயணிக்குக் கதவைத் திறந்துவிடுவார். ஆனால் அடுத்த மூன்று நிறுத்தம் வரை அந்த ஆளைக் கண்ணாடியில் முறைத்துக்கொண்டேதான் ஓட்டுவார். விபத்து என்று அவர் பெயரில் ஒன்றுகூடப் பதிவானதில்லை. அதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் பின்னால் அவரைக் கெடுத்தது.

நாற்பத்தோரு வயதில் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. யாரோ வேண்டுமென்றே தன்னை வம்புக்கு இழுப்பதாகத்தான் ரவூப் அதை எடுத்துக்கொண்டார். வீட்டில் மனைவி ருக்கையா தேநீரில் சீனியை நிறுத்தினார். இவர் டிப்போவுக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில் இரண்டு மடங்காகப் போட்டுக் குடித்தார். வேலை நாட்களில் மாத்திரை போடுவார். அவருக்கு விடுப்பு என்றால் மாத்திரைக்கும் விடுப்பு. இப்படியே பதின்மூன்று வருடம் ஓடியது.

ஐம்பத்து நாலாவது வயதில் கால் தன் வேலையைக் காட்டியது. முதலில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போலிருந்தது. அப்புறம் பாதம் எரிந்தது. படுக்கையில் போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. சில மாதங்களில் எரிச்சல் குறைந்தது. தேறிவிட்டது என்று ரவூப் நினைத்தார். உண்மையில், வலியைச் சொல்வதற்கான நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. எங்கே நடந்தாலும் பஞ்சு விரித்த தரை போலவே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தார். மகள் ஃபர்சானா கதவைத் திறந்தவள், குனிந்து பார்த்தாள்.

"அத்தா, ஒரு கால்ல ஸ்லிப்பர் காணோம்."

ரவூப்பும் குனிந்து பார்த்தார். வலது கால் வெறுங்காலாக இருந்தது. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் அப்படி நடந்து வந்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"அறுந்துபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன்," என்றார். காது சிவந்துவிட்டது.

அடுத்த வாரமே தாயும் மகளும் சேர்ந்து அவரைப் பலதுறை மருந்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பாதப் பரிசோதனைக்கு உள்ளே போனபோது மட்டும் ரவூப் அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். உள்ளே இருந்த தாதியின் பெயர் சுசீலா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"அங்கிள், கண்ண மூடிக்குங்க. இந்த நைலான் இழையால பாதத்துல அங்கங்க தொடுவேன். தெரியறப்பல்லாம் 'ஆமா' சொல்லுங்க. அவ்வளவுதான்."

ரவூப் கண்ணை மூடினார். எதுவும் தெரியவில்லை. ஆனால் சுசீலாவின் கையுறை லேசாகச் சரசரத்தது அவர் காதில் விழுந்தது. சரசரத்து முடிந்ததும் ஒரு விநாடி விட்டு "ஆமா" என்றார். அடுத்த தடவையும் அப்படியே. கணக்கு பிடிபட்டுவிட்டது என்று உற்சாகமாகிவிட்டார்.

"ஆமா... ஆமா... ஆமா..."

"கண்ணத் திறங்க, அங்கிள்."

இழை மேசைமேல் கிடந்தது. சுசீலா கையுறை போட்ட இரண்டு கைகளையும் சரசரவெனத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடைசி நாலு தடவை நான் தொடவே இல்ல."

"என்ன, விளையாடுறியா? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"விளையாடுறது நீங்கதான். என்ன வேலை பாக்குறீங்க?"

"பஸ் ஓட்டுறேன்."

சுசீலாவின் முகம் மாறியது. "வலது பாதத்துல ஒரு எடத்துலகூட உணர்ச்சி இல்ல அங்கிள். பிரேக்ல கால் இருக்கா, பக்கத்துல இருக்கான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு? டாக்டரப் பாத்துட்டுப் போங்க. கம்பெனிக்கும் சொல்லியாகணும்."

"இருபத்திரண்டு வருஷமா மிதிக்கிறேன். என் காலப் பத்தி எனக்கே பாடம் நடத்துறியா?"

காலுறையைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. வெளியே காத்திருந்த இருவரிடமும் "எல்லாம் நல்லாத்தான் இருக்காம்" என்றார். மருந்தகத்திலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை. கடிதங்களைக் கிழித்தார். நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தில் 'மரத்துப்போதல்' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறியிட்டார்.

அதன் பிறகு காதாலும் முழங்காலாலும் ஓட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். முழங்கால் எவ்வளவு மடங்கினால் எந்த மிதி என்று மனதில் பதித்துக்கொண்டார். பிரேக் சீறும் ஓசையை வைத்து அழுத்தத்தைக் கணித்தார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது குனிந்து, பாதம் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்வார். ஐந்து மாதம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உலகத்தையே ஏமாற்றிவிட்டதாக அவருக்கு ஒரு திருப்தி.

அன்று காலை சிராங்கூன் சாலை நிறுத்தத்தில் கூட்டம். கடைசியாக ஏறியவர் எழுபத்தொரு வயது லட்சுமி. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு தோ பாயோவில் உள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, காலியான இருக்கையை நோக்கி நகர்ந்தார். பேருந்து கிளம்பியதும் முன்னால் ஒரு வேன் திடீரென நின்றது. ரவூப் பிரேக்கை மிதித்தார். மிதித்ததாகத்தான் நினைத்தார். பாதத்தின் பாதி ஆக்சிலரேட்டரில் இருந்தது. பேருந்து ஒரு குதி குதித்தது. அவர் பதறிப்போய்க் காலை இழுத்து முழு பலத்தோடு பிரேக்கில் வைத்தார். வேனுக்கும் பேருந்துக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம். உள்ளே லட்சுமி தரையில் கிடந்தார். அவரது இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. முருங்கைக்காய்கள் ஓட்டுநர் இருக்கை வரை உருண்டிருந்தன.

ரவூப் எழுந்து வந்து முதலில் சொன்னது: "புடிக்காம நடந்தா இப்படித்தான் ஆகும்!"

"புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் தம்பி," என்றார் லட்சுமி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் கண்ணாடியில பாத்தேன். புடிக்கல."

அறிக்கையிலும் அப்படியே எழுதினார். கேமராப் பதிவில் உயரமான ஓர் ஆளின் முதுகு லட்சுமியை மறைத்திருந்தது. வேன் திடீரென நின்றது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மேற்பார்வையாளர் ராஜீவ், இத்தனை வருடம் ஒரு கீறல்கூட இல்லாத ஓட்டுநரின் வார்த்தையை நம்பி, விசாரணைக் கோப்பை மூடினார். அன்று மாலை, ஓர் அம்மா பிடிக்காமல் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார் என்று வீட்டில் சொன்ன ரவூப், சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். ருக்கையா அவர் தட்டை மூடி வைத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, காலை ஷிஃப்ட் முடித்து வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். ருக்கையா தரையைத் துடைக்க வந்தார். வாசலிலிருந்து நாற்காலி வரை வெள்ளை ஓடுகளில், ஓர் அடி விட்டு ஓர் அடி, சிவப்பாகப் பொட்டு வைத்ததுபோல இருந்தது. அதைத் தொடர்ந்து போனால் புருஷனின் கால். காலுறை நனைந்து ஊறியிருந்தது.

"என்னங்க, காலத் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்கன்றேன்!"

பெருவிரலுக்குக் கீழே, பாதத்தின் தடித்த பகுதியில் ஓட்டை விழுந்திருந்தது. ருக்கையா வாசலுக்குப் போய் அவருடைய வலது சப்பாத்தை எடுத்துத் திருப்பினார். அடியில் ஒரு திருகாணியின் தலை. உள்ளே கையை விட்டார். அதன் நுனி ஒரு அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சப்பாத்தோடு அவர் ஒன்பது மணி நேரம் பேருந்து ஓட்டியிருந்தார்.

ருக்கையா சப்பாத்தை அவர் முன்னால் நீட்டினார். "இது குத்துனதுகூடத் தெரியலையா உங்களுக்கு?"

"சின்னக் காயம். மஞ்சக் களிம்பு போட்டா சரியாயிடும். சத்தம் போடாத."

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"நாளைக்கு ரெண்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட் இருக்கு. போடி உள்ள!"

மறுநாள் ரவூப் கட்டுப்போட்ட காலைப் பழைய சப்பாத்து ஒன்றில் திணித்துக்கொண்டு டிப்போவுக்குப் போனார். ராஜீவ் அவரை அறைக்குள் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பை விரித்திருந்தது. அதன்மேல் அவருடைய வலது சப்பாத்து, திருகாணியோடு.

"ருக்கையா அக்கா காலையிலயே வந்துட்டாங்க அண்ணே," என்றார் ராஜீவ். "எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. சாவியக் குடுத்துடுங்க."

ரவூப் அந்தச் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றார். திருட்டு வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டது போலிருந்தது அவருக்கு. வீட்டுக்குத் திரும்பியதும் கத்துவார் என்று ருக்கையா எதிர்பார்த்து நின்றார். அவர் கத்தவில்லை. ருக்கையாவைத் தாண்டி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது.

வலி இல்லாததால் காயம் புரையோடியதும் தெரியவில்லை. திங்கட்கிழமை குளிர்க் காய்ச்சல் வந்தது. மருத்துவமனையில் எலும்புவரை கிருமி போய்விட்டது என்றார்கள். பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கண்விழித்தவர், கட்டிலருகில் ருக்கையா உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டிலும் அதே கதைதான். இருவருக்கும் நடுவில் ஃபர்சானா மாட்டிக்கொண்டாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, ரசத்துல உப்பு இல்ல."

"அத்தாகிட்ட சொல்லு, உப்பு போட மாட்டேன்."

"ரெண்டு பேரும் அஞ்சடி தூரத்துல உட்கார்ந்திருக்கீங்க லா! நான் என்ன உங்களோட வாட்ஸ்அப்பா?"

புண்ணுக்குக் கட்டு மாற்ற ருக்கையா வந்தால் ரவூப் காலை இழுத்துக்கொள்வார். வாரம் இருமுறை மருந்தகத்துக்கே போய் மாற்றிக்கொண்டார். அங்கே அதே சுசீலா. இருவரும் பழைய கதையைப் பேசவில்லை. காலை எப்படிப் பாதுகாப்பது என்று சுசீலா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, "பாதத்துக்கு அடியில தினமும் பாக்கணும். உங்களால குனிய முடியாது. வீட்ல ஆன்ட்டிய பாக்கச் சொல்லுங்க," என்று முடித்தார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் ரவூப்பைச் சுட்டது. ருக்கையா தன் காலைப் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்தார். அதற்காகவே எல்லாவற்றையும் தானே செய்தார். கைபேசியைத் தரையில் வைத்து, முன்பக்கக் கேமராவைத் திறந்து, அதற்கு மேலே காலைத் தூக்கிப் பிடித்துப் பாதத்தைப் படமெடுத்தார். தினமும் காலையில் இடது, வலது. நேற்றைய படத்தோடு இன்றையதை ஒப்பிட்டுப் பார்ப்பார். சப்பாத்துக்குள் கையை விட்டுத் துழாவாமல் போடமாட்டார். குளிக்கும் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்ப்பார். காப்பிக்கடையில் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர், கேட்டபோது கடைக்காரர் தன் காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டார். ரவூப் அவரையும் திட்டினார். மூன்று மாதத்தில் சர்க்கரை அளவு இறங்கியது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒழுங்காக மாத்திரை போட்டார். அதுவும் பெண்டாட்டி மேலிருந்த ஆத்திரத்தில்.

ஏழாவது மாதம் ராஜீவ் கூப்பிட்டார். டிப்போ கட்டுப்பாட்டு அறையில், உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, ரவூப்புக்குத் தருகிறார்கள் என்றார். ரவூப் அந்தச் செய்தியை ஃபர்சானாவிடம் சொல்லுகிற சாக்கில், சமையலறை வரை கேட்கும்படி சொன்னார்:

"ஒருத்தி போட்டுக் குடுத்து என் சோத்துல மண்ணப் போட்டா. ஆனாலும் கம்பெனிக்கு என் அருமை தெரிஞ்சிருக்கு."

ருக்கையா கரண்டியோடு வெளியே வந்தார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக நேராக அவரிடமே பேசினார்.

"அந்தம்மா விழுந்த அன்னைக்கு நீங்க சாப்பிடல. ஞாபகம் இருக்கா?"

"எந்தம்மா?"

"கையொடிஞ்ச அம்மா. அவங்க புடிக்காம விழுந்திருந்தா நீங்க ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டு அவங்கள ஊர் பூரா திட்டியிருப்பீங்க. உங்களத் தெரியாதா எனக்கு? உங்க கால்தான் தள்ளிவிட்டுது. நான் சப்பாத்தத் தூக்கிக்கிட்டுப் போனது திருகாணிக்காக இல்ல. அடுத்த தடவை விழறவங்க எந்திரிக்க மாட்டாங்கன்னுதான்."

"வாய மூடு!"

"மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னும் மூடியிருந்தா நானும் கூட்டுக் களவாணி."

ரவூப் கையிலிருந்த கைபேசியைச் சோபாவில் வீசினார். அன்று பகல் முழுதும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்திருந்தார். ருக்கையாவை மனதுக்குள் ஏசி முடிக்க அவருக்கு நேரம் போதவில்லை. ஆனால் ஏசி முடித்த ஒவ்வொரு தடவையும், முருங்கைக்காய் உருண்ட அந்தப் பேருந்தில்தான் வந்து நின்றார்.

மறுநாள் காலை சிராங்கூன் சாலை நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்தார். அந்த அம்மா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாவது நாள் சந்தைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லட்சுமி வந்தார். இடது மணிக்கட்டு நேராகக் கூடவில்லை. விரல்களைப் பாதிதான் மடக்க முடிந்தது.

"என்னத் தெரியுதாம்மா?"

லட்சுமி உற்றுப் பார்த்தார். "தெரியும். என்னையப் பொய்க்காரி ஆக்குன ஆளு."

"கம்பியப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்க. தப்பு என்னோடது. கால்ல உணர்ச்சி இல்லாம ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

"அடப் பாவி மனுஷா!" லட்சுமியின் குரல் கேட்டு நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என் மகன் என்ன சொன்னான் தெரியுமா? 'அம்மா, உங்களுக்கு வயசாச்சு, புடிச்சேன்னு நெனச்சிருப்பீங்க'ன்னான். நானே நம்பிட்டேன், என் புத்திதான் கலங்கிப்போச்சுன்னு. பஸ் ஏறவே பயந்துக்கிட்டுக் கிடந்தேன். இத வந்து எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க, தனியா, காதோட காதா? ஆபீசுல எழுதிக் குடுங்க. என் மகனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க."

"சொல்றேன்மா. மன்னிச்சிடுங்க."

"அதெல்லாம் எங்கிட்ட இல்ல," என்ற லட்சுமி, வந்து நின்ற பேருந்தில் வலது கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை ரவூப் தமிழில் சொல்லச் சொல்ல ஃபர்சானா ஆங்கிலத்தில் தட்டினாள்.

"'கால் ஸ்லிப் ஆயிடுச்சு'ன்னு போடவா அத்தா?"

"இல்ல. உணர்ச்சி இல்லேன்னு தெரிஞ்சே ஓட்டுனேன்னு போடு. படிவத்துல பொய் சொன்னேன்னும் போடு."

ஃபர்சானா தட்டுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "வேலை போயிடும்."

"தட்டு."

வேலை போனது. கட்டுப்பாட்டு அறை வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. ராஜீவ் தொலைபேசியில் குதித்தார். "முடிஞ்சுபோன கதைய ஏன் அண்ணே கிளறுனீங்க? உங்கள நம்பி ஃபைல மூடுனது நான். இப்ப என்னையும்ல கேள்வி கேக்குறாங்க!" என்றார். அதற்குப் பிறகு அவர் ரவூப்போடு பேசவில்லை. லட்சுமியின் மகனுக்கும் ரவூப்பே போன் போட்டார். அந்த ஆள் கால் மணி நேரம் கத்தினார். ரவூப்பின் காது சிவந்துகொண்டே வந்தது. ஆனால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், அந்த ஆளே வைக்கும்வரை கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். லட்சுமி விழுந்த சம்பவத்தை மறுபடி விசாரித்தார்கள். நிறுவனம் அவரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தியைக்கூட லட்சுமி சொல்லவில்லை. ராஜீவிடமிருந்து வேறு யாரோ கேட்டு வந்து சொன்னார்கள்.

இப்போது ரவூப் உட்லண்ட்ஸில் பள்ளிப் பேருந்து விடும் ஒரு சிறிய நிறுவனத்தில், தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுநர்களுக்கு வழி சொல்கிறார். அவர் போடும் சத்தத்துக்குப் பயந்தே பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று அங்கே பேச்சு. ருக்கையாவோடு பேசுகிறார். பேச்சென்றால் சண்டை. ருக்கையா மன்னிப்புக் கேட்டதில்லை. ரவூப் மன்னித்ததாகச் சொன்னதும் இல்லை. மருந்தகத்துக்கு மட்டும் இருவரும் சேர்ந்து போகிறார்கள், வழியெல்லாம் வாக்குவாதம் செய்துகொண்டு.

இந்த நோன்புப் பெருநாள் அன்று காலையில் எடுத்த படத்தில், இடது குதிகாலில் கொப்புளம் ஒன்று தெரிந்தது. புதுச் சப்பாத்தின் வேலை. ரவூப் அதைத் துடைத்துக் கட்டி, காலை முக்காலிமேல் நீட்டி வைத்து, விருந்தாளிகளை உட்கார்ந்தபடியே வரவேற்றார். ருக்கையாவின் பெரியப்பா மகன் நாகூர் கனி குடும்பத்தோடு வந்தார். பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, காலைக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.

"இதெல்லாம் டாக்டர்மாரு பயங்காட்டுறது மச்சான். கீழ பார்க்குல கூழாங்கல்லு பாதை போட்டிருக்கான்ல? அதுல வெறுங்காலோட தினம் அரை மணி நேரம் நட. குத்துற குத்துல செத்த நரம்பெல்லாம் முழிச்சுக்கும். நான் சொல்றேன், மாத்திரையத் தூக்கி எறி."

ரவூப்பின் காதுகள் சிவந்தன.

"எந்திரிடா."

"என்ன மச்சான்?"

"வெறுங்காலோட நடக்கச் சொல்றியா எனக்கு? ரெண்டு வெரலு போனது பத்தாதா? எந்திரி. வெளிய போ. பெருநாளாச்சேன்னு பாக்கிறேன், இல்லேன்னா..."

"வீட்டுக்கு வந்தவன இப்படிப் பேசுறாரு, பாத்தியா ருக்கையா?" நாகூர் கனி சமையலறைப் பக்கம் திரும்பி முறையிட்டார்.

ருக்கையா வெளியே வந்தார். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. "பிள்ளைங்களுக்குப் பிரியாணி வச்சிருக்கேன்," என்று அதை நாகூர் கனியின் கையில் கொடுத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.